உப்பு நிலவின் மூன்றாம் புத்தகம்

மிச்சம்
9.10.2024

மாதங்கி,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கடை சாப்பாட்டு மேசையிலை இருந்த ஆக்களின்ரை பேரை முதலிலை எழுதிறன். சன்னல் பக்கத்துக் கதிரையிலை நான். எனக்குப் பக்கத்திலை என்ரை மோள், கொம்மா சிவகௌரி. அவளுக்கு நேரெதிரை கொப்பா இராஜேந்திரன், போனை மடியிலை வைச்சுக் கிரிக்கெட் பாத்துக்கொண்டு. அடுத்தது என்ரை மோன் கிருஷ்ணராசா. அவன்ரை பெண்சாதி சுவர்ணா, ஒருத்தரும் கேக்காமல் சீலையின்ரை விலையைச் சொல்லிக்கொண்டிருந்தவள். முன்வீட்டுத் தில்லையம்பலம் அண்ணை, பல்லுப் பிடுங்கின புண் ஆறாததாலை சொதி மட்டும் குடிச்சவர். நீ. உன்னோடை வந்த போலந்துக்காரன் மாரெக், உனக்கு வேலை தந்த படக் கொம்பனிக்காரன். எல்லாமாய் எட்டுப் பேர். நவராத்திரி எண்டபடியாலை மரக்கறி. மாரெக் கையாலை தான் சாப்பிட்டவன். ஏழு இடியப்பம்.

இதிலை ஒரு பேர் பிழையெண்டால் எழுது. ஒரு இடியப்பம் கூடக் குறையெண்டாலும் எழுது.

பிழையில்லையெண்டால், பேந்து ஏன் பிள்ளை அத்தனை பேருக்கும் முன்னாலை "அம்மம்மா குழப்பிறா" எண்டு சொன்னனி?

நானாய்க் கதைக்க வெளிக்கிடேல்லை. நீ தான் பெருமையாய்ச் சொன்னனி, "என்ரை அம்மம்மாவுக்கு 'உப்பு நிலவு' நாலு புத்தகமும் பாடம்" எண்டு. அந்தப் பொடியன் சின்னனிலை இருந்து அந்தப் புத்தகங்களோடை வளந்தவனாம். கண்ணெல்லாம் விரிய, எந்தக் கட்டம் உங்களுக்குப் பிடிக்கும் எண்டு கேட்டான். மூண்டாம் புத்தகத்தின்ரை முடிவு எண்டு சொன்னன். கதையிலை வாற பெட்டை இடா, கப்பல் வாசலிலை நிண்டு இயந்திரத்திட்டைப் பேர் சொல்லுற கட்டம். நீ அதை இங்கிலீசிலை சொல்லச் சொல்ல அவன்ரை கை கோப்பையிலை அப்பிடியே நிண்டிட்டுது. "இல்லையே, இடா அந்த இயந்திரத்தை இரும்புக் கம்பியாலை அடிச்செல்லோ உடைக்கிறாள்" எண்டான். எல்லாரும் உன்னைப் பாத்தவை. நீ கோப்பையைப் பாத்தனி. பேந்து தான் அந்தச் சொல்லைச் சொன்னனி.

"மாமிக்கு எண்பத்தொண்டெல்லே, பாவம்" எண்டாள் சுவர்ணா. பாவமாம்!

நீயும் அவனும் போனாப்பிறகு நடந்ததைக் கேள். திங்கக்கிழமை கொம்மா டொக்டருக்குப் போன் பண்ணினாள். செவ்வாய்க்கிழமை காஸ் அடுப்பின்ரை குமிழைக் கழட்டி அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டினாள். வெள்ளிக்கிழமையிலை நான் விம்பிள்டன் பிள்ளையாரிட்டைத் தனியப் போகப்படாதாம், ட்ராமிலை இறங்கிற இடம் தெரியாமல் நிப்பனாம். பதினெட்டு வருஷமாய்ப் போற பாதை.

அஞ்சாம் வகுப்போடை என்னை நிப்பாட்டினவை. நிலமில்லை, நகையில்லை, இங்கிலீசில்லை. எனக்கெண்டு இருக்கிறது இந்த மண்டை ஒண்டு தான். அதைத் தான் நீ அண்டைக்கு மேசையிலை வைச்சு உடைச்சனி.

போனிலை கேட்டால் "மீட்டிங், அம்மம்மா" எண்டு வைச்சுப்போடுவாய். அதாலை எழுதிறன். மிச்சத்திலை இருந்து நீ இருக்கிற வெஸ்ட் ஈலிங் ஒண்டும் தூரமில்லை, ஆனால் நீ முதலிலை வராமல் என்ரை கால் அந்தப் பக்கம் வராது.

அம்மம்மா
நீலவேணி


வெஸ்ட் ஈலிங்
15.10.2024

அன்பான அம்மம்மா,

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் தமிழில எழுதுற முதல் கடிதம் இது. எழுத்துப் பிழைக்கு அடிக்காதேங்கோ. பேர் எல்லாம் சரி. இடியப்பமும் ஏழு தான், வீட்ட வந்து மாரெக்கே எண்ணிச் சொன்னவர்.

நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. வாயில வந்திட்டுது. எனக்கு அந்த நேரம் பயம். என்ன பயம் எண்டு பிறகு சொல்லுறன். அம்மா அடுப்புக் குமிழைக் கழட்டினது எனக்குத் தெரியாது. நான் அவவோட கதைக்கிறன்.

என்ர வேலையைப் பற்றிச் சொல்லட்டே? நாலு புத்தகத்தையும் ரெண்டு படமாக எடுக்கினம். முதல் மூண்டு புத்தகமும் முதல் படம். அதால மூண்டாம் புத்தகத்தின்ர முடிவு தான் படத்தின்ர முடிவு. அங்க தான் நாங்கள் நாலு மாசமா நிக்கிறம். புத்தகத்தில இடா இருபது பக்கம் மனசுக்குள்ள யோசிச்சுக்கொண்டே நிக்கிறாள். வாசிக்க நல்லா இருக்கும். படத்தில ஒரு பிள்ளை யோசிச்சுக்கொண்டு நிண்டால் சனம் போனை எடுத்துப் பாக்கத் தொடங்கிடும். யோசிச்சு முடிச்சுக் கம்பியால அடிக்கிறாள், இயந்திரம் உடையுது, எல்லாரும் உள்ள போகினம். உடைக்கிற படம் எல்லாரும் எவ்வளவோ பாத்திட்டினம்.

அண்டைக்குக் காரில திரும்பி வரேக்க மாரெக் ஒண்டும் கதைக்கேல்ல. பாலம் தாண்டினாப் பிறகு கேட்டார், "உன்ர அம்மம்மா சொன்னதைத் திரும்பச் சொல்லு." சொன்னன். "அது புத்தகத்தில இல்லாட்டிலும் பரவாயில்ல, எனக்கு அது முழுசா வேணும்" எண்டார்.

அம்மம்மா, உங்களுக்கு ஞாபகம் இருக்கிற மாதிரியே, ஒரு சொல்லும் விடாமல், அந்தக் கட்டத்தை எனக்கு எழுதி அனுப்புவீங்களா? எனக்கு அது வடிவா ஞாபகம் இல்லை. கோவமா இருந்தாலும் எழுதுங்கோ.

மாதங்கி


மிச்சம்
22.10.2024

மாதங்கி,

குழம்பின மண்டையிட்டையே கட்டம் கேக்கிறாய்? நல்ல ஞாயம். எண்டாலும் எழுதிறன், உனக்காக இல்லை, இடாவுக்காக.

முதலிலை டொக்டர் கதை. வெள்ளைக்காரப் பெட்டை, சின்ன வயசு. மொழிபெயர்க்கிற மனிசியைப் போனிலை வைச்சுத் தான் கேள்வி கேட்டவ. இண்டைக்கு என்ன கிழமை, எந்த மாசம், நூறிலை இருந்து ஏழு ஏழாய்க் கழி. ஒரு விலாசம் சொல்லி, அஞ்சு நிமிஷத்தாலை திருப்பிச் சொல்லு எண்டா. சொன்னன். அதோடை அவவின்ரை மேசையிலை இருந்த ரெண்டு பிள்ளையளின்ரை படத்தையும், போனிலை கதைச்ச மனிசி கிளிநொச்சிப் பக்கம் எண்டதையும் சொன்னன். சோதினை நல்லாய்ச் செய்திட்டன் எண்டா. பேந்து கொம்மா குனிஞ்சு எதோ சொன்னாள். நடக்காததை நடந்தது எண்டு சொல்லுறன் எண்டு தானே சொல்லியிருப்பாள். வாற மாசம் பதினாலாம் திகதி ஞாபகசக்தி பாக்கிற கிளினிக்குக்குப் போகட்டாம். அங்கை எழுதிறது தான் முடிவாம். எழுதிப்போட்டால் பேந்து நான் சொல்லுற ஒரு சொல்லையும் ஒருத்தரும் நம்பத் தேவையில்லை.

இனிக் கட்டத்தைக் கேள்.

உப்புக் குகை இடிஞ்சு சனமெல்லாம் மேலை வந்து நிக்குது. ஏத்திக்கொண்டு போகக் கப்பல் வந்திட்டுது. கப்பல் வாசலிலை ஒரு இயந்திரம். அது முகத்தைப் பாக்காது, கழுத்திலை தொங்கிற தகட்டைத் தான் பாக்கும். உப்புத்தண்ணி தகடுகளை அரிச்சுப்போட்டுது, ஒருத்தரின்ரை இலக்கமும் வாசிக்க ஏலாது. அறுபத்து மூண்டு பேர் முன்னாலை நிக்கினம். "இங்கே ஒருவரும் இல்லை. கதவு சாத்தப்படும்" எண்டு இயந்திரம் சொல்லுது.

அப்ப இடா முன்னுக்குப் போறாள். பதினாலு வயசுப் பெட்டை, காலிலை செருப்பும் இல்லை. ஒரு கிழவனின்ரை கையைப் பிடிச்சுச் சொல்லுறாள். "இவர் தோமாஷ். விளக்குத் திருத்திறவர். இடக் காது கேளாது. சிரிச்சால் இருமுவார்." இயந்திரம் கேக்குது, "சாட்சி யார்?" "நான்." கதவு ஒரு ஆள் போற அளவு திறக்குது. தோமாஷ் உள்ளை போறார். அடுத்தது, "இவ மாக்தா. மூண்டு பிள்ளையைப் பெத்து ஒண்டை உப்புக்குக் குடுத்தவ." "சாட்சி யார்?" "நான்." இப்பிடியே ஒவ்வொரு ஆளாய். ஒரு ஆளுக்கு ஒரு பேரும், அந்த ஆளிட்டை மட்டும் இருக்கிற ஒரு சங்கதியும்.

கடைசியாய் நிக்கிறவன் லுட்விக். இடாவின்ரை தகப்பனைக் காட்டிக்குடுத்தவன். இடா வாய் திறக்கேல்லை. இயந்திரம் பத்திலை இருந்து கீழை எண்ணுது. மூண்டு எண்டேக்கை சொல்லுறாள், "இவன் லுட்விக். என்ரை அப்பாவைக் காட்டிக்குடுத்தவன். அதாலை எனக்கு இவனை எல்லாரையும் விட நல்லாய்த் தெரியும்." "சாட்சி யார்?" "நான்."

இனி வெளியாலை இடா மட்டும் தான். தனக்குத் தானே சாட்சி சொல்ல ஏலாது. கதவு மூடுது. அப்ப கப்பலுக்கு உள்ளை இருந்து அறுபத்து மூண்டு பேரும் அவளின்ரை பேரைக் கூப்பிடுகினம்.

லுட்விக்கும் கூப்பிட்டவன். நான் எண்டால் அவனை வெளியிலை விட்டிருப்பன், அது வேறை.

பிள்ளை, இதை எழுதின அந்த ஸலெவ்ஸ்கா மனிசி சாதாரண ஆளில்லை. பேப்பர் இல்லாமல் ஒரு வாசலிலை நிண்டு பாக்காத ஆளுக்கு இது வராது. நானும் கொழும்பிலை, மொஸ்கோவிலை, பேந்து இஞ்சை ஹீத்ரோவிலை எண்டு நிண்டனான், எனக்குத் தெரியும். நாலு புத்தகத்திலையும் மூண்டாவது தான் தலை. மற்றதெல்லாம் கெட்டித்தனம், இது மட்டும் உள்ளுக்கை இருந்து வந்தது. நான் இடுப்பெலும்பு முறிஞ்சு எழும்பி நடந்த முதல் வெள்ளிக்கிழமை, விம்பிள்டன் கோயிலிலை அந்த மனிசியின்ரை பேரிலை அர்ச்சனை செய்விச்சனான். ஐயர் நட்சத்திரம் கேட்டார். எனக்கெங்கை தெரியும்? உத்தரட்டாதி எண்டு என்ரையைக் குடுத்தனான்.

மூண்டாம் புத்தகத்தின்ரை மட்டை பச்சை. மற்ற மூண்டும் நீலம். நீ கட்டிலின்ரை கால்மாட்டிலை இருந்து, விரலை வைச்சு வைச்சு, இங்கிலீசைத் தமிழாக்கி வாசிச்சனி. ஆறு கிழமை, ஒண்டரை மாசம். இதுவும் குழப்பமோ?

அம்மம்மா


வெஸ்ட் ஈலிங்
2.11.2024

அம்மம்மா,

உங்கட கடிதத்தை நாலு தரம் வாசிச்சன். ஒவ்வொரு தரமும் அந்தப் பச்சை மட்டையில வந்து நிண்டிட்டன்.

இதை நேர வந்து சொல்ல எனக்குத் துணிவில்லை. எழுதுறன்.

மூண்டாம் புத்தகத்தை நான் உங்களுக்கு வாசிக்கேல்ல. லைப்ரரியில ஒண்டும் ரெண்டும் நாலும் தான் இருந்தது. மூண்டை ஆரோ எடுத்துக்கொண்டு போய்த் திருப்பிக் குடுக்கேல்ல. நான் வீட்ட வந்தால் நீங்கள் கட்டிலில கிடந்து "கொண்டு வந்தனியோ? இடாவுக்கு என்ன நடந்தது?" எண்டு கேப்பீங்கள். ரெண்டு நாள் பொய் சொன்னன். மூண்டாம் நாள் பள்ளிக்கூடப் பையில இருந்த புத்தகத்தை எடுத்து விரிச்சன். அது என்ர புவியியல் புத்தகம். பச்சை மட்டை. ஆறுகள் கடலில சேருற பக்கத்தில விரலை வைச்சுக்கொண்டு, வாயில வந்ததைச் சொன்னன்.

அது 2009. எனக்குப் பன்ரண்டு வயசு. வன்னியில சண்டையை நிப்பாட்டச் சொல்லி எல்லாரும் பாராளுமன்றத்துக்கு முன்னால போய் நிண்டவை. நீங்கள் போக ஏலாமல் கட்டிலில. ஒவ்வொரு நாளும் பேர் சொல்லுவீங்கள், வன்னியில ஆர் ஆரிட்ட இருந்து இன்னும் போன் வரேல்ல எண்டு. பேரோட சும்மா விட மாட்டீங்கள். "பரமேசுவரி, மாடு முட்டி ஒரு கண் தெரியாதவள். அவளின்ரை மோன், தண்ணிக்குப் பயந்தவன்." அப்பிடி. நான் அதைக் கேட்டுக் கேட்டு இடாவிட்டக் குடுத்திட்டன். வேற ஒண்டும் எனக்கு அப்ப தெரியாது.

உண்மையான மூண்டாம் புத்தகத்தை நான் முதல் முதல் வாசிச்சது போன வருஷம், இந்த வேலைக்கு என்னை எடுத்தாப் பிறகு. இன்டர்வியூவில மாரெக் கேட்டவர், நீ இந்தப் புத்தகங்களை எப்ப வாசிச்சனி எண்டு. "நாலும் பன்ரண்டு வயசில வாசிச்சன், பாடம்" எண்டன். அதுக்காகத் தான் என்னை எடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை மேசையில அவர் "அப்பிடி ஒண்டு இல்லையே" எண்டு சொல்ல, நான் பிடிபட்டன் எண்டு நினைச்சன். நான் தப்புறதுக்கு உங்களைக் குடுத்திட்டன்.

நீங்கள் எழுதின கட்டத்தை இங்கிலீசில மாத்தி மாரெக்கிட்டக் குடுத்தன், அம்மம்மாவின்ர கற்பனை எண்டு சொல்லி. அவர் அதை வைச்சே படத்தை முடிக்கிறது எண்டு நிக்கிறார். முழு ஸ்க்ரிப்டுக்கான காண்ட்ராக்டில 20ஆம் திகதி கையெழுத்து. உங்கட கிளினிக் 14.

அம்மம்மா, ஆறு நாள். 20ஆம் திகதி முடிய நான் அம்மாவிட்ட, மாமாவிட்ட, டொக்டரிட்ட, ஆரிட்டச் சொல்லச் சொன்னாலும் சொல்லுறன். அதுமட்டும் நீங்கள் ஒண்டும் சொல்லாமல் இருப்பீங்களா? இதைக் கேக்க எனக்கு வெக்கமா இருக்கு. ஆனா கேக்கிறன்.

மாதங்கி


மிச்சம்
6.11.2024

மாதங்கி,

இண்டைக்குக் கந்தசட்டி அஞ்சாம் நாள். விரதத்தோடை ஒருத்தரையும் திட்டக்கூடாது. ஆனபடியால் நீ தப்பினாய்.

ஆறு கிழமை. ஒரு பெட்டை என்ரை கண்ணுக்கு முன்னாலை ஆத்துப் படத்திலை விரலை ஓட்டி ஓட்டிப் பொய் வாசிச்சிருக்கிறாள், நான் "பேந்து? பேந்து?" எண்டு வாயைப் பாத்துக்கொண்டு கிடந்திருக்கிறன். முந்தநாள் உன்ரை கடிதம் வந்த உடனை நாலாய்க் கிழிச்சன். கிழிச்சதை ஒட்டித் திரும்ப வாசிச்சன். சட்டிக்கு ஒருவேளைச் சாப்பாடு தான், அண்டைக்கு அதையும் சாப்பிடேல்லை. சுவர்ணா சொன்னதைக் கூடத் தாங்கலாம், அவள் வெளியிலை இருந்து வந்தவள். நீ நான் தூக்கி வளத்தவள்.

நேற்றுக் காலமை முகம் கழுவேக்கை வேறை ஒண்டு நினைவிலை வந்தது. பதினைஞ்சு வருஷமாய் நான் ஒரு மனிசியை மெச்சிக்கொண்டிருக்கிறன். நேரிலை காணாத மனிசி. நல்லது கெட்டதுக்கு அவ எழுதினதை நினைச்சிருக்கிறன். கிருஷ்ணராசாவின்ரை மூத்தவளை ஒப்பரேசனுக்குக் கொண்டு போகேக்கை வாசலிலை இருந்து, நான் இடா மாதிரி அவளின்ரை பேரைத் தான் சொல்லிக்கொண்டிருந்தனான். அந்த மனிசி நீ. சப்பாத்துக் கயிறு வடிவாய்க் கட்டத் தெரியாத பெட்டை. வெள்ளைச் சட்டையிலை மையோடை வந்து, பிஸ்கற் ஒண்டைக் கடிச்சுக்கொண்டு, தகட்டை உப்பு அரிச்சுது எண்டு சொன்னனி. எங்கை இருந்தடி எடுத்தனி? லுட்விக்கை எங்கை எடுத்தனி? பேர் சொல்லுறதை என்னட்டை எடுத்தனி எண்டு எழுதிறாய். சரி. ஆனால் நான் ஒருநாளும் பகையாளியின்ரை பேரைச் சொன்னதில்லை. அது உன்ரை. பன்ரண்டு வயசிலை உனக்கு அவ்வளவு பெரிய மனசு இருந்திருக்குது, வீட்டிலை ஒருத்தரும் காணேல்லை.

அர்ச்சனை மட்டும் பிழையான ஆளுக்குப் போட்டுது. அடுத்த முறை உன்ரை பேரிலை செய்விக்கிறன். உன்ரை நட்சத்திரம் எனக்குத் தெரியும்.

இனி நீ கேட்டதுக்குப் பதில். பதினாலாம் திகதி நான் கிளினிக்குக்குப் போவன். கேட்டால், ஓம், எனக்குத் தான் குழம்பிப் போச்சு, புத்தகத்திலை இல்லாததைச் சொல்லிப்போட்டன் எண்டு என்ரை வாயாலை சொல்லுவன். அவை என்னத்தை எழுதினாலும் எழுதட்டும். இருபதாம் திகதி நீ கையெழுத்தைப் போடு. எனக்கு எண்பத்தொண்டு, உனக்கு இருபத்தேழு.

இதை நான் சந்தோசமாய்ச் செய்யேல்லை, தெரிஞ்சு வைச்சுக்கொள். என்னையும் கொம்மாவையும் கிருஷ்ணராசா தான் காரிலை ஏத்திக்கொண்டு போறான். பத்தரை மணிக்கு.

அம்மம்மா


வெஸ்ட் ஈலிங்
25.11.2024

அம்மம்மா,

அந்த அறைக்குள்ள நான் வந்தது நீங்கள் எதிர்பார்க்காதது எண்டு தெரியும். நானே எதிர்பார்க்கேல்ல. பத்தரை எண்டு எழுதியிருந்தனீங்கள். ஒன்பது மணிக்கு நான் வேலைக்குப் போற ரயிலில நிண்டனான். உங்கட வாயால "எனக்குக் குழம்பிப் போச்சு" எண்டு சொல்லப் போறீங்கள் எண்டதை யோசிச்சன். அப்பிடி நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. இறங்கி மற்றப் பக்கம் ஏறினன்.

உங்கட கடிதம் வந்த நாளில இருந்து பையில காவித் திரிஞ்ச அந்தப் பச்சைப் புவியியல் புத்தகத்தை டொக்டரின்ர மேசையில வைச்சு அழுததுக்கு மன்னியுங்கோ. மொழிபெயர்க்க வந்தவ பாவம், அழுகையையும் மொழிபெயர்க்க வேணுமோ எண்டு முழிச்சவ. "இந்த அம்மாவின் ஞாபகம் என்னுடையதை விட நல்லது" எண்டு டொக்டர் எழுதினதை அம்மா உங்களுக்கு வாசிச்சுக் காட்டினவவா? இல்லாட்டிக் கேட்டு வாங்குங்கோ.

வெளியில வந்து அந்த வாசலிலையே மாரெக்குக்குப் போன் பண்ணினன், வீட்ட போனால் பயம் வந்திடும் எண்டு. இன்டர்வியூவில பொய் சொன்னன், அந்தக் கட்டம் நான் சின்னனில கட்டினது, அம்மம்மா குழம்பேல்ல எண்டு சொன்னன். அவர் "சரி" எண்டு மட்டும் சொல்லி வைச்சிட்டார். எட்டு நாள் ஒரு சத்தமும் இல்லை. 20ஆம் திகதி கையெழுத்து நடக்கேல்ல. நான் உடுப்பெல்லாம் மடிச்சுப் பெட்டியில வைச்சு, மிச்சம் வீட்டுக்கே திரும்பி வாறது எண்டு இருந்தன்.

வெள்ளிக்கிழமை கூப்பிட்டார். அந்த எட்டு நாளுக்குள்ள அவர் ஸலெவ்ஸ்காவிட்டப் போய் வந்திருக்கிறார். முழுக்கதையும் சொல்லியிருக்கிறார், புவியியல் புத்தகம் வரைக்கும். அவவுக்கு இப்ப எழுபத்தாறு வயசு. தன்ர மூண்டாம் புத்தகத்தின்ர முடிவு தனக்கே பிடிக்காதாம். அச்சுக்குக் குடுக்க வேண்டிய நாள் வந்திட்டுது எண்டு இயந்திரத்தை உடைச்சுப் போட்டவவாம். கட்டத்தை எடுக்கலாம், ஆனா அதைக் கட்டின ஆளின்ர பேர் படத்தில தனிய வர வேணும் எண்டு சொல்லியிருக்கிறா. காண்ட்ராக்டில என்ர பேர் முதலாவதா இருந்தது, இப்ப ரெண்டாவது. பொய்க்கு அது. முழு ஸ்க்ரிப்டும் நான் எழுதலாம். மாரெக் இன்னும் முகம் குடுத்துக் கதைக்கிறேல்ல. கதைப்பார்.

ஒரு பிரச்சினை. அறுபத்து மூண்டு பேருக்கும் ஆள் பிடிக்க வேணும். ஒவ்வொருத்தருக்கும் பேரும் ஒரு சங்கதியும் வேணும். எனக்குத் தோமாஷ், மாக்தா, லுட்விக், பிறகு ஒரு ஒன்பது பேர் தான் வருகினம். உங்களுக்கு?

மாதங்கி


மிச்சம்
1.12.2024

என்ரை மாதங்கிக்கு,

அறுபத்து மூண்டு பேரையும் வேறை தாளிலை எழுதி இதுக்குள்ளை வைச்சிருக்கிறன். நாலு பக்கம். நாப்பத்தேழாவது ஆளுக்கு நீ அப்பவே பேர் சொல்லேல்லை, "அந்தத் தொப்பிக்காரன்" எண்டு தாண்டினனி. பேர் என்ன எண்டு கேட்டனான், "புத்தகத்திலை இல்லை" எண்டனி. கள்ளி. அவனுக்கு இப்ப ஒரு பேர் வை. இருபதாவது ஆளும் முப்பத்தோராவது ஆளும் ஒரே பேர், ஒண்டை மாத்து.

ரெண்டாவது பேர் எண்டு துக்கப்படாதை. வாசலிலை நிண்டு போன் பண்ணினாய் பார், அதுக்கு முதலாவது.

ஸலெவ்ஸ்காவுக்கு என்ரை வணக்கத்தைச் சொல்லு. தான் செய்தது சரியில்லை எண்டு எழுபத்தாறு வயசிலை சொல்ல எத்தினை பேருக்கு வரும்? நான் மெச்சினது முழுக்கப் பிழையான ஆளை இல்லைத் தான். அர்ச்சனை அவவோடையே இருக்கட்டும், உனக்கு வேறை செய்விச்சிட்டன். போன வெள்ளிக்கிழமை தனியத் தான் போனனான், ட்ராமிலை. சரியான இடத்திலை இறங்கினனான்.

உன்னிலை கோவம் இல்லை. தனக்கு வரப்போற நட்டம் என்ன எண்டு தெரிஞ்சு வந்து சொன்னவளிலை நான் கோவம் வைக்கிறேல்லை. மாரெக்கிலை ஒரு பிழையும் இல்லை, இன்னொருக்கால் கூட்டிக்கொண்டு வா, ஆட்டிறைச்சி காய்ச்சித் தாறன். கிருஷ்ணராசா காரிலை வரேக்கை என்ரை கையைப் பிடிச்சு அழுதவன். சுவர்ணா வந்து "மாமி, நான் தெரியாமல் சொல்லிப்போட்டன்" எண்டாள். பதினொரு வருஷமாய் அவளோடை எனக்கு இருந்த வேறை கணக்கெல்லாம் இருக்கு, இந்த ஒண்டை மட்டும் தள்ளிப்போட்டன்.

ஒரு சங்கதி உனக்குத் தெரியாது. தெரியவேணும்.

கிளினிக்கிலை நீ புத்தகத்தை மேசையிலை வைக்கேக்கை நான் எல்லாரின்ரை முகத்தையும் பாத்தனான். டொக்டருக்கு அதிசயம். கிருஷ்ணராசா வாயைப் பிளந்தான். ஒரு முகத்திலை மட்டும் ஒண்டுமே மாறேல்லை.

வீட்டை வந்து நாலு நாள் பொறுத்தன். பேந்து குசினிக்குள்ளை போய்க் கொம்மாவைக் கேட்டன், "உனக்கு முந்தியே தெரியுமே?" தண்ணிப் பைப்பைத் திறந்துவிட்டாள். பூட்டினன். திரும்பக் கேட்டன்.

"அந்த ஆறு கிழமையும் இஞ்சை நிண்டு கறி கிளறிக்கொண்டு கேட்டனான், அம்மா. புவியியல் புத்தகத்தை விரிச்சு வைச்சுக்கொண்டு பிள்ளை இவ்வளவு வடிவாய்க் கதை கட்டிறாளே எண்டு சந்தோசமாய் இருந்தது. உங்களுக்கும் இடுப்பு நோ மறந்திருந்தது. நான் ஏன் குழப்புவான் எண்டு விட்டிட்டன்."

"அது சரி. அந்த ஞாயிற்றுக்கிழமை மேசையிலை?"

"அவளின்ரை வேலை, அம்மா."

"டொக்டரிட்டை?"

அவள் திரும்பத் தண்ணிப் பைப்பைத் திறந்தாள். போன் பண்ணினது அவள். அடுப்புக் குமிழைக் கழட்டினது அவள். டொக்டரின்ரை காதுக்கை குனிஞ்சு, அம்மா இல்லாததைச் சொல்லுறா எண்டு சொன்னது அவள், அதைப் பதினைஞ்சு வருஷத்துக்கு முதல் தன்ரை ரெண்டு காதாலையும் கேட்டிருந்தும். நீ பயத்திலை ஒரு சொல்லுச் சொன்னனி. அவள் அஞ்சு கிழமை ஒவ்வொரு நாளும் என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு, எனக்குச் சோறு போட்டுக்கொண்டு, ஒண்டும் சொல்லாமல் இருந்தவள்.

தன்ரை பிள்ளைக்காகத் தானே செய்தவ எண்டு நீ எழுதுவாய். எழுதாதை. எனக்குத் தெரியும். நானும் உனக்காகத் தான் வாயை மூடிக்கொண்டு போகத் துணிஞ்சனான். ஆனால் என்னை நான் குடுக்கிறது வேறை. என்னைக் கேக்காமல் என்னை எடுத்துக் குடுக்கிறது வேறை.

வீட்டிலை சண்டை ஒண்டும் இல்லை, பயப்பிடாதை. அவள் போடுற தேத்தண்ணியை ரெண்டு நேரமும் குடிக்கிறன். குளிருக்குக் கால் உறை வாங்கித் தந்தவள், போட்டிருக்கிறன். பின்னேரம் ஒரே சோபாவிலை இருந்து ரிவி பாக்கிறம். நல்ல மோள், எந்த ஊரிலை கேட்டாலும் சொல்லுவன். படம் வெளிவாற அண்டைக்கு அவளின்ரை பக்கத்துக் கதிரையிலை தான் இருப்பன், உன்ரை பேர் வரேக்கை அவளின்ரை கையைத் தட்டிக் காட்டுவன்.

மன்னிக்க மாட்டன். நான் சாகுமட்டும் மன்னிக்காத ஆள் இந்தச் சங்கதியிலை ஒரு ஆள் தான். என்ரை வயித்திலை முதல் பிறந்த சிவகௌரி.